பொத்தானும் பொறுமையும்

என் அக்காள் மகன் ஒரு பெட்டி செய்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழம்பொருள்களை வைத்துச் சிறியதாக ஒரு காட்சிக்கூடம் அமைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியில் வாத்தியாராக இருந்த என் தகப்பனார், 1994-இல் ஊர் ஏரியின் கதையை ஒலிநாடாவில் சொல்லி வைத்திருந்தார். நான்கு நிமிஷப் பேச்சு. பொத்தானை அமுக்கினால் அந்தக் குரல் கேட்கவேண்டும்.

பெட்டிக்குள்ளே பிரமாதமாக ஒன்றுமில்லை. தபால்தலை அளவில் ஒரு மின்பலகை, விரல்நகம் போன்ற நினைவு அட்டை, ஓர் ஒலிபெருக்கி, ஒரு சிவப்புப் பொத்தான். ஒரு தரம் அமுக்கினாலும் பொத்தானுக்குள் இருக்கும் தகடு கண நேரம் துள்ளும். பல தரம் அமுக்கியதாக யந்திரம் எண்ணிக்கொள்ளுமாம். துள்ளல் அடங்கும் வரை காத்திருக்க அதற்குக் கற்பித்துவிட்டான். பிறகு என்னிடம் வந்தான்.

"மாமா, தாத்தா பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது மறுபடி அமுக்கினால் என்ன செய்யட்டும்? நிறுத்தட்டுமா, முதலிலிருந்து தொடங்கட்டுமா, கண்டுகொள்ளாமல் பேச விடட்டுமா?"

யந்திரத்தைப் பற்றிய கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மால்சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாயின் ஞாபகம் வந்தது. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். 1916 டிசம்பர் 11 அன்று, பெர்லினுக்கு அருகே வூன்ஸ்டார்ஃப் முகாமில், மொழி ஆராய்ச்சிக்காக அவர் குரலைப் பதிவு செய்தார்கள். ஊரில் வெண்ணெய் தின்று வளர்ந்த ஒரு மனிதன் வீடு திரும்ப ஏங்குகிறான் என்று, யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வது போல் அவர் தம்மையே சொன்னார். அந்தக் குரல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கிறது. சிறையிலிருந்தவரிடம் வாங்கிய பேச்சு அது. அதையும் பாதியில் வெட்டும் உரிமை நம் விரலுக்கு உண்டா?

கேட்பவனுக்கும் சுதந்திரம் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். பிடிக்காதவன் நகர்ந்து போகட்டும். ஆனால் நகர்வது வேறு, வாயைப் பொத்துவது வேறு. உயிரோடு பேசுகிறவர் நம் முகத்தைப் பார்த்துத் தாமே நிறுத்துவார். அல்லது, "இரு, முடித்துவிடுகிறேன்" என்று கையமர்த்துவார். இறந்தவருக்கு இரண்டும் முடியாது.

காலையில், "முடிக்கும் வரை பேச விடு" என்றேன்.

"பின்னால் வருகிறவர்கள் பாதிக் கதையிலிருந்துதானே கேட்க நேரும்?"

"பெரியவர்கள் பேசும் வீட்டுக்குள் நாம் நுழைவதும் அப்படித்தானேப்பா?"

அவன் சிரித்துவிட்டு இன்னொன்று கேட்டான். "மூன்றாவது நிமிஷத்தில் ஒரு பையன் குரல் குறுக்கே வருகிறதே, 'சீக்கிரம் முடிங்கப்பா' என்று? அதை வெட்டிவிடட்டுமா?"

அந்தப் பையன் நான்தான். விளையாடப் போகும் அவசரம். அப்பா ஒரு கணம் நிறுத்தி, மதகு கட்டிய கதையைச் சொல்லாமலே முடித்துவிட்டார். அது என்னவென்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

"வெட்டாதே, இருக்கட்டும்" என்றேன்.