பெயரில்லாத விடைத்தாள்

2011 டிசம்பரில் வெளியான ஒரு பட்டியலில் தமிழ்நாடு 72ஆவது இடத்தில் இருந்தது. மொத்தம் 74. நமக்குக் கீழே இமாசலப் பிரதேசமும் கிர்கிஸ்தானும் மட்டும். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு என்கிற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஸ்தாபனம், 2000இலிருந்து சில ஆண்டுகளுக்கொருமுறை பதினைந்து வயதுப் பிள்ளைகளை வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம் மூன்றிலும் சோதித்து வருகிறது. பிசா என்று பெயர். 2009 சுற்றின் நீட்சியாக நடந்த சோதனைக்கு இந்தியா அனுப்பிவைத்தது, பள்ளிக்கல்வியில் பெயரெடுத்த இந்த இரண்டு மாநிலங்களைத்தான். வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. உறுப்பு நாடுகளின் சராசரி 493. முதலில் வந்த ஷாங்காய் 556. இதற்குக் கீழே இருந்தால் அன்றாட வாழ்க்கையே சிரமம் என்று அவர்கள் கோடு கிழித்திருக்கும் இரண்டாம் படியை எட்டியவர்கள் நம் பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர். அதே காலத்தில் நமது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல்.

கல்வி அதிகாரிகளின் கவலையாக இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் வாசிப்பு என்பது நம்மைப் போன்ற சிலரின் பிழைப்பில்லாத பிழைப்பு. 17க்கும் 80க்கும் இடையே என்ன இருக்கிறது என்று நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை.

டில்லி சொன்ன பதில், கேள்விகள் நமது பிள்ளைகளின் சமூக, கலாசாரச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்பது. அடுத்த மூன்று சுற்றுகளிலும், 2012, 2015, 2018, இந்தியா கலந்துகொள்ளவில்லை.

அந்த ஸ்தாபனம் வெளியிட்டிருக்கும் மாதிரிக் கேள்விகளைப் பார்த்தால் இந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியும். வட்ட வடிவில் இரண்டு பீட்சாக்கள், ஒன்றின் விட்டம் 30 சென்டிமீட்டர், மற்றது 40, விலையும் 30, 40, எது லாபம்? பீட்சாவைத் தோசையாக்கினால் இந்தக் கேள்வி டவுன் ஹால் ரோட்டுக்கு வந்துவிடும். ஆப்பிரிக்காவின் சாட் ஏரி பல்லாயிரம் வருஷங்களில் எப்படி ஏறி இறங்கியது என்று ஒரு வரைபடம். சாட் ஏரி நமக்குத் தெரியாது, வாஸ்தவம். பின்லாந்துப் பையனுக்கும் தெரியாது. மாடக்குளம் கண்மாயில் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் கண்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கோடு சொல்வது என்ன என்பது அவனைவிடச் சீக்கிரம் புரிய வேண்டும். இன்னொன்று, சுவரில் கிறுக்குவதைப் பற்றி இரண்டு பெண்கள் எழுதிய கடிதங்கள். ஒருத்தி எதிர்க்கிறாள், ஒருத்தி ஆதரிக்கிறாள். மதுரையில் பிறந்த குழந்தைக்குச் சுவரெழுத்து அந்நியம் என்று எவன் சொல்வான்? இன்ன வருஷம் வரை இந்தச் சுவர் இன்னாருக்கு என்று முன்பதிவு செய்து வைக்கிற ஊர் இது.

ஆனால் அந்தக் கடிதங்களின் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. நீ எவள் பக்கமாக இருந்தாலும் சரி, இரண்டில் எது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, ஏன்? இங்கேதான் நம் பிள்ளை திகைத்து நிற்கிறது. சுவர் அந்நியமில்லை, கடிதம் அந்நியமில்லை. தன் அபிப்பிராயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பிரதியின் குணத்தைச் சொல் என்கிற அழைப்புத்தான் அந்நியம். பாடத்தின் பின்னால் அச்சிட்ட கேள்விக்குக் கைடு தந்த விடையை ஒப்பித்து வளர்ந்த பிள்ளையிடம் அப்படி யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. பொதுத்தேர்வில் பாடத்தின் பின்னால் இல்லாத ஒரு கேள்வி வந்துவிட்டால் அடுத்த நாள் பத்திரிகைகளில் செய்தி வருகிறது, கருணை மதிப்பெண் கோரிக்கை எழுகிறது. புதிதாக ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதை நாம் அநியாயம் என்று கருதுகிறோம். டில்லி சொன்ன கலாசார முரண் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது பீட்சாவில் இல்லை. (நமது இலக்கியச் சண்டைகளில் எத்தனை பேர் அந்தக் கேள்விக்கு விடை எழுதித் தேறுவார்கள் என்பது வேறு விஷயம்.)

வெளியிலிருந்து வரும் அளவுகோலைக் கண்டு முகம் திருப்புவதற்கு இந்த மண்ணில் காரணம் இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிச் சீமையில் பிறமலைக் கள்ளர்களை மொத்தமாகக் குற்றப் பரம்பரை என்று எழுதி, ஆண்களின் கைரேகையை எடுக்க வெள்ளை அரசாங்கம் வந்தது. அதை மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். அதே சட்டத்தின் இன்னொரு கையாக அங்கே பள்ளிக்கூடங்களும் வந்தன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயரில் அவை இன்றும் நடக்கின்றன. அளப்பவனும் சீர்திருத்துகிறவனும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்த ஜனங்கள் அவர்கள். "உன்னை அளந்து உன்னை மேம்படுத்துகிறேன்" என்று பாரீஸிலிருந்து ஒரு குரல் வந்தால் அங்கே யாருக்காவது அந்த ரேகை மை ஞாபகத்துக்கு வருமானால், அதைத் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் ரேகை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அது ஒரு அடையாளத்தை ஒரு பெயரோடு கட்டியது. அந்தப் பெயருக்குரியவன் இரவில் எங்கே படுக்கலாம், எந்த ஊருக்குப் போகலாம் என்பதை அந்த மை தீர்மானித்தது. பிசா தேர்வு இதற்கு நேர் எதிர். எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. தேறினான் தவறினான் என்பது கிடையாது. இரண்டு மணி நேரம் எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறான். அவன் விடைகள் மற்றவர்களுடைய விடைகளோடு கலந்து ஒரு தொகையாகிவிடுகின்றன. அவன் எழுதியது நம்மைப் பற்றிய ஒரு சாட்சியம், அதுவும் பெயர் சொல்லாத சாட்சியம். பள்ளிக்கூடம், வாத்தியார், பாடப்புத்தகம், அரசாங்கம், நாம், இதுதான் அங்கே சோதிக்கப்பட்ட விஷயம்.

ரேகையின் வாரிசு எதுவென்று தேடினால் நமது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்தான் அகப்படுகிறது. அது பெயரோடு வருகிறது. எந்தப் பிரிவில் சேரலாம், எந்தத் தெருவில் எந்த முகத்தோடு நடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இல்தான் அரசாங்கம் நிறுத்தியது. சங்கப் பலகையைப் பற்றி நம் ஊரில் சொல்லும் கதையில்கூட, தகுதியுள்ள புலவனுக்குப் பலகை நீண்டு இடம் கொடுக்கும், இல்லாதவனுக்குக் கொடுக்காது. ஏன் கொடுக்கவில்லை என்று அது சொல்வதில்லை. பிள்ளையை நிறுக்கிற தராசைச் சூழலுக்குப் பொருந்தாதது என்று நாம் ஒருநாளும் தூக்கி எறிந்ததில்லை. நம்மை நிறுக்கிற தராசு ஒரே ஒருமுறை வந்தது. உடனே கலாசாரம் ஞாபகம் வந்துவிட்டது. இதைத்தான் தார்மிகக் கோழைத்தனம் என்று சொல்லத் தோன்றுகிறது.

மதிப்பெண் இல்லாத தேர்வை எந்தப் பையன் சிரத்தையாக எழுதுவான் என்று ஒரு வாதம் உண்டு. மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் கிடையாது என்பது ஒரு பதில். மதிப்பெண் இல்லையென்றால் படிக்க மாட்டான் என்று சொல்லும்போதே 337 ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாகிறது என்பது இன்னொரு பதில்.

பெரு நாட்டை எடுத்துக்கொள்ளலாம். 2000 சுற்றின் நீட்சியில் வாசிப்பில் 327 வாங்கிக் கடைசியில் நின்றது. 2012இல் மறுபடியும் மூன்று பாடங்களிலும் கடைசி. ஆனாலும் அது எழுந்து போய்விடவில்லை. 2018இல் வாசிப்பில் 401. இது பெரிய வெற்றி என்று நான் கொண்டாட வரவில்லை. ஆனால் கடைசியில் நின்றபடியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தேசத்துக்குச் சாத்தியம் என்பது தெரிகிறது.

எண்ணை ஒப்புக்கொண்டு விட்டால் அதை வைத்து என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். 1860களில் சென்னை ராஜதானியில், இங்கிலாந்தைப் பார்த்து, தேர்ச்சிக்கேற்ற மானியம் என்றொரு முறையைக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கேட்பார். தேறிய தலைக்கு இவ்வளவு பணம். வாத்தியாரின் வயிறு இன்ஸ்பெக்டரின் கேள்விக்குள் அடங்கிவிட்ட பிறகு, இன்ஸ்பெக்டர் கேட்காததை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுப்பார்? அளவுகோலைக் கூலியோடு கட்டினால் அளவுகோல் பொய் சொல்ல ஆரம்பிக்கும். பிசாவின் எண்ணை இலக்காக்கி மாவட்ட வாரியாக, பள்ளி வாரியாக, ஆசிரியர் வாரியாகத் துரத்த ஆரம்பித்தால், சுவர்க் கிறுக்கல் கடிதத்துக்கும் ஒரு கைடு அச்சாகும். எவள் கடிதம் சிறந்தது, ஏன் என்பதற்கு மூன்று காரணங்கள் ஒப்பிக்கப்படும். 17 என்பது 60 ஆகும். வாசிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பெயரற்றதாக, பரிசும் தண்டனையும் இல்லாததாக இருப்பதில்தான் இந்தச் சோதனையின் உயிர் இருக்கிறது. பள்ளியை மேம்படுத்த விரும்புகிறவர்கள் முதலில் அந்த எண்ணை விட்டுவிட்டு அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போக வேண்டும்.

2019இல் இந்தியா மறுபடியும் சேர ஒப்பந்தம் போட்டது. இந்தமுறை அனுப்பத் தேர்ந்தெடுத்தவை கேந்திரிய வித்யாலயாக்கள், நவோதயா வித்யாலயாக்கள், சண்டிகர் நகரத்துப் பள்ளிகள். தராசை மாற்ற முடியாதபோது தட்டில் வைப்பதைப் பொறுக்கியெடுக்கும் சாமர்த்தியம். (ஷாங்காயும் சீனா அல்ல.) பிறகு கொள்ளைநோய் வந்தது, 2021இல் நடக்க வேண்டியது 2022க்குப் போயிற்று, அதிலும் இந்தியா இல்லை.

அந்தச் சாட்சியத்துக்குள்ளும் வராதவர்கள் உண்டு. தேர்வு, பள்ளிக்கூடத்தில் இருக்கும் பதினைந்து வயதினரை மட்டுமே அளக்கிறது. 2012இல் வியப்பூட்டும் மதிப்பெண் வாங்கிய வியட்நாமில், அந்த மாதிரிக்குள் அடங்கியவர்கள் அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முறுக்குக் கம்பெனிகளுக்கு ஆந்திராவுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் முன்பணம் கொடுத்து அழைத்துப் போகப்பட்ட பையன்கள் உண்டு. அதிகாரிகள் சிலரை மீட்டு வந்திருக்கிறார்கள். அடுப்படியில் மாவு பிழிந்துகொண்டிருந்த அந்தப் பையனுக்குப் பதினைந்து வயது. அவனை 72ஆவது இடத்திலும் யாரும் வைக்கவில்லை.