யான் வேறு, எனது வேறு

‘பி மை பேபி’ பாடல் தொடங்கும்போது பாஸ் டிரம்மை மூன்று முறை கால் உதைக்கிறது. பிறகு ஸ்நேரில் ஒரே ஓர் அடி. 1963இல் லாஸ் ஏஞ்சலஸின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் பதிவான அந்த இசைத்தட்டில் ரோனெட்ஸ் குழுவின் பெயர் இருந்தது, தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் பெயர் இருந்தது. அந்த நான்கு அடிகளை அடித்தவரின் பெயர் இல்லை. அவர் ஹால் பிளெய்ன் (1929–2019), செஷன் டிரம்மர். 1966 முதல் 1971 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ச்சியாக, ஆண்டின் சிறந்த ரெக்கார்டுக்கான கிராமி விருதை வென்ற ஆறு பாடல்களிலும் டிரம்ஸ் அவருடையதுதான். ஹெர்ப் ஆல்பர்ட், ஃபிராங்க் சினாட்ரா, ஃபிஃப்த் டைமன்ஷன், சைமன்–கார்ஃபங்கல் என்று கலைஞர்கள் மாறினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் மாறவில்லை. 1970களில் ஜான் டென்வருடன் ஊர் ஊராகப் போய் மேடையிலும் வாசித்தார். இத்தனை பேருடைய பாட்டுக்குள்ளும் இருந்தவருக்குத் தனக்கென்று ஒரு ‘தான்’ இருந்ததா? டிரம்ஸைப் பற்றியது போலத் தோன்றும் இந்தக் கேள்வி, சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விதான்: தன்னை விலக்கிக்கொண்டு ஒருவர் முழுமையாகச் செயல்பட முடியுமா?

நம் மரபு ‘யான்’, ‘எனது’ என்ற இரண்டையும் ஒரே செருக்கின் இரு முகங்களாகச் சேர்த்தே பேசும். வள்ளுவர் துறவைப் பேசும் அதிகாரத்திலும் அவை இணையாகவே வருகின்றன. இரண்டும் சேர்ந்தே வளரும், சேர்ந்தே அழியும் என்பது துறவிக்குப் பொருந்தலாம். வேலை செய்து பிழைப்பவரின் வாழ்க்கையிலோ இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். செயலுக்குள் ‘யான்’ கரைவது ஒரு பேறு. செயல் முடிந்த பின் ‘எனது’ பறிபோவது பெரும்பாலும் பிறர் செய்யும் அநீதி. முன்னதைப் புகழும் சொற்களைக் கொண்டு பின்னதை மூடிமறைப்பது எளிது என்பதால், இந்தப் பிரிவினை அவசியமாகிறது.

முதலில் கரைதலைப் பார்ப்போம். சைமன்–கார்ஃபங்கலின் ‘தி பாக்ஸர்’ பாடலுக்கு ஓர் இடி முழக்கம் தேவைப்பட்டபோது, பிளெய்ன் லிஃப்ட் பக்கத்தில் டிரம்மை வைத்து, அந்த இடத்தின் எதிரொலியோடு அடித்தார். பீச் பாய்ஸின் ‘கரோலைன், நோ’வின் தொடக்கத்தில் அவர் தட்டியது காலியான தண்ணீர்ப் பாட்டிலை. என் வாத்தியம், என் பாணி என்ற பிடிவாதம் இருந்திருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது. அப்படியானால் எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அதன் வடிவம் எடுக்கும் இந்த மனிதருக்கும் ஓர் இயந்திரத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். 1980களில் டிரம் மெஷின்கள் வந்து செஷன் கலைஞர்கள் பலரின் வேலையைக் குறைத்தபோது உலகம் கேட்டதும் இதைத்தான். பதில் ‘பி மை பேபி’யிலேயே இருக்கிறது. வழக்கப்படி ஸ்நேர் இரண்டாம் தட்டிலும் விழ வேண்டும்; அதைத் தவறவிட்டதால் நான்காவதில் மட்டும் அடித்து, அந்தத் தவறையே தொடர்ந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். இயந்திரமும் பிழை செய்யும். செய்த பிழை பாட்டுக்குப் பொருந்துகிறது என்று அதற்குக் கேட்காது. கேட்பதற்கு ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். ஆக, கரைந்துபோனது கேட்கிறவர் அல்லர். தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற அவசரம்தான்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. பிளெய்ன் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருந்தார். ‘ஹால் பிளெய்ன் மறுபடியும் அடித்துவிட்டார்’ என்ற பொருளில், டிரம்மருக்கே உரிய சிலேடையோடு அமைந்த வாசகம் அது. வாசித்து முடித்த இசைத்தாள்களில் அதைக் குத்திவிட்டுப் போவார். தன்னை மறந்தவர் தன் பெயரை ஏன் குத்த வேண்டும்? ஆனால் அந்த முத்திரை விழுந்த இடத்தைக் கவனியுங்கள். தாளில் விழுந்தது; தாளத்தில் விழவில்லை. சினாட்ராவின் பாட்டுக்கு நடுவே எழுந்து நின்று ‘நானும் இருக்கிறேன்’ என்று சொல்லும் ஓர் உருட்டலை அவர் வாசித்திருந்தால் அதுதான் செருக்கு. வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டபின் ‘இது நான் செய்தது’ என்பது வெறும் உண்மை. தான் கட்டிய சுவரைக் கொத்தனார் காட்டினால் அதை ஆணவம் என்று யாரும் சொல்வதில்லை.

அந்த உண்மையைச் சொல்லவிடாமல் வைத்திருந்ததுதான் அன்றைய இசைத்தொழில். 1965இல் பேர்ட்ஸ் குழுவின் பெயரில் வந்த ‘மிஸ்டர் டாம்பரீன் மேன்’ சிங்கிளில், அந்தக் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெகுவின் ஒருவரே, டிரம்ஸ் பிளெய்னுடையது. பீச் பாய்ஸின் மேடையில் டிரம்ஸ் வாசித்தவர் டென்னிஸ் வில்சன்; இசைத்தட்டுகள் பலவற்றில் பிளெய்ன். செஷனுக்கு இவ்வளவு என்று இசைக்கலைஞர் சங்கம் வகுத்த கணக்கில் கூலி உண்டு, விற்பனையில் பங்கு கிடையாது. நம் கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரரின் பெயர் அழைப்பிதழில் இருக்கும். தனி ஆவர்த்தனம் என்று அவருக்கே உரிய நேரமும் உண்டு. அவரும் பாடகருக்கு இடம் விட்டுத்தான் வாசிக்கிறார், அதற்காகப் பெயரை இழப்பதில்லை. பிளெய்ன் கூலிக்கு ஒப்புக்கொண்டுதானே வந்தார், பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. உழைப்பை விற்க ஒப்புக்கொண்டார் என்பது சரி. வேறொருவர் வாசித்ததாகக் கேட்பவரை நம்பவைப்பது அந்த விற்பனையில் அடங்காது. அங்கே டிரம்மரோடு சேர்ந்து ரசிகரும் ஏமாறுகிறார். பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொன்னது செய்கிறவனுக்கு. செய்விக்கிறவனுக்கு அந்தப் பலனை எடுத்துக்கொள்ளும் உரிமையை அது தரவில்லை. தொண்டு, அர்ப்பணிப்பு என்ற சொற்கள் முதலாளியின் வாயிலிருந்து வரும்போது அவற்றின் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

2000ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், பக்கத்துணைக் கலைஞர்களுக்கென்று ஒரு புதிய பிரிவைத் தொடங்கி பிளெய்னையும் இன்னொரு செஷன் டிரம்மரான ஏர்ல் பாமரையும் அதில் சேர்த்தது. அப்போது பிளெய்னுக்கு வயது 71. அந்தக் கௌரவத்தால் 1963இன் நான்கு அடிகளில் எதுவும் கூடவில்லை, குறையவுமில்லை. அவற்றை அடிக்கும்போது அவர் அதைக் கேட்டிருக்கவும் இல்லை. செய்தவர் கேட்காமலேயே செய்தார் என்பது அவருடைய அறம். கேட்கவில்லை என்பதற்காகக் கொடுக்காமல் இருந்த முப்பத்தேழு ஆண்டுகள் மற்றவர்களின் கணக்கில் சேரும்.