வேண்டாம் என்று சொல்ல முடியாத ஊர்

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து கோடை விடுமுறைக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பங்கள் பல, சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் என்று ஒரே சுற்றில் மூன்று நாடுகளைப் பார்த்துவிட நினைக்கின்றன. 2024 ஆகஸ்டில் நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபின் தமிழ்நாட்டிலிருந்து வருவோருக்கும் இலங்கை இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டது. திட்டம் போடும்போதே சிலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. கண்டி, சிகிரியா, எல்ல, காலி என்று எல்லோரும் போகும் இடங்களில் நாமும் போய் நெருக்க வேண்டுமா? அவற்றை விட்டுவிட்டுத் திருகோணமலைப் பக்கம் போனால் என்ன?

இந்தக் கேள்வியில் வசதிக் கணக்கு மட்டும் இல்லை. திணறும் ஊர்களின் சுமையைக் கொஞ்சம் குறைக்கலாம், போரில் அடிபட்ட கிழக்குக்கு நாலு காசு போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணமும் இருக்கிறது. அந்த எண்ணத்தை மதிக்க வேண்டும். ஆனால் கண்டியைத் தவிர்த்த உடனேயே ஒரு நன்மை நடந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. கண்டிக்குப் போகாத கால்கள் வேறொரு மண்ணில் பதியத்தான் போகின்றன. அந்த மண்ணின் நிலை என்ன என்பதையும் கேட்க வேண்டும்.

நெரிசலுக்குப் பேர்போன ஊர்களுக்கு ஒரு வலிமை உண்டு: வருபவரை அவற்றால் தடுக்க முடியும். வெனிஸின் நடுவே பெரிய உல்லாசக் கப்பல்கள் வருவதை 2021இல் இத்தாலிய அரசு நிறுத்தியது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் வந்து அன்றே திரும்புவோரிடம் வெனிஸ் நகரம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. பார்சிலோனா மாநகரம் தன்னிடமுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை 2028க்குள் முடித்துவிடப் போவதாக அறிவித்திருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே ஊட்டியும் கொடைக்கானலும் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டில், ஒரு நாளைக்கு இத்தனை வாகனங்கள்தான் என்ற உச்சவரம்பும் வந்தது. இந்த ஏற்பாடுகளில் குறை இருக்கலாம். ஆனாலும், மனு கொடுக்க ஒரு வாசலும் அதைக் கேட்க ஒருவரும் அங்கே இருக்கிறார்கள்.

திருமலை என்று சுருக்கமாக அழைக்கப்படும் திருகோணமலைக்கு அந்த வாய்ப்பு வரலாற்றில் எப்போதுமே குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதைக் கைமாற்றிக்கொண்டார்கள். பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த ஒரே காரணத்தால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசின. கோயிலின் பழைய விக்கிரகங்கள் 1950இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963இல். பிரித்தானியர் கட்டிவைத்த 99 எண்ணெய்க் குதங்களை யார் யார் வைத்துக்கொள்வது என்ற 2022 ஜனவரி உடன்பாடுகூடக் கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையில் முடிந்த காரியம். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய நாளிலிருந்து இந்த ஊரைப் பற்றிய தீர்மானங்கள் ஊருக்கு வெளியேதான் எடுக்கப்படுகின்றன. சுற்றுலாவும் அந்த வரிசையில்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

கன்னியாவை எடுத்துக்கொள்வோம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்று சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய அங்கே போகிறார்கள். இப்போது இந்தியாவிலிருந்து வரும் இராமாயணச் சுற்றுலாப் பேருந்துகளுக்கும் அது ஒரு தரிப்பிடம். அந்த இடம் யாருடைய பொறுப்பு, யாருடைய வழிபாட்டுக்கு உரியது என்பதில் போருக்குப் பிறகு கசப்பான இழுபறி நடந்துவருகிறது. 2019இல் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தை மீட்கக் கோரி மக்கள் அங்கே திரண்டார்கள். ஒருவர் தாயின் சாம்பலோடு நிற்கும் வேளையில் இன்னொருவர் வாளியோடு நின்று படம் எடுக்கிறார். படம் எடுப்பவர் கெட்டவர் இல்லை. அது ஈமக்கடன் செய்யும் இடம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் வருவோர் எண்ணிக்கை கூடக்கூட, தெரிந்து வருவோரின் துயரத்துக்கு இடம் சுருங்குகிறது.

அதைவிடத் தெளிவான வழக்கு புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில், இரண்டு சிறு தீவுகள். சுற்றிலும் ஆழமில்லாத முருகைக் கற்பாறைகள். துடுப்பு நுனி கறுத்த சுறாக் குஞ்சுகள் முழங்கால் அளவு தண்ணீரில் திரியும். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. இலங்கையில் அதற்கு முந்திய கடல் தேசியப் பூங்கா தெற்கே ஹிக்கடுவையில் இருக்கிறது. எல்லோரும் போன ஊர் அது. கண்ணாடி அடித்தளப் படகுகளும் நீந்துவோரின் கால்களும் ஆண்டுக்கணக்கில் மிதித்த பின்பு, 1998இல் கடல் சூடேறியபோது அங்குள்ள முருகைக் கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. அந்த ஆண்டு திருமலைப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. தப்பியவை என்பதாலேயே, ஹிக்கடுவை சலித்துப் போனவர்கள் இப்போது அவற்றைத் தேடி வருகிறார்கள்.

சிகிரியாவின் கல் படிகளில் ஆயிரம் பேர் கூடுதலாக ஏறினால் வரிசை நீளும், எரிச்சல் வரும். பாறை அங்கேயேதான் இருக்கும். முருகைக் கல் உயிர். ஒருவரின் காலடியில் முறிந்த கிளை வளர ஆண்டுகள் பிடிக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, நெரிசலைத் தவிர்த்துவிட்டேன் என்று ஆறுதல் கொள்வது தவறான கணக்கு. தாய்லாந்தின் மாயா கடற்கரையை ஒரு திரைப்படம் உலகறியச் செய்தபின் அந்தச் சிறு குடா சீரழிந்தது. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். மூடியிருந்த காலத்தில் சுறாக்கள் திரும்பி வந்தன. மூடும் துணிவு அங்கிருந்த அரசுக்கு வந்தது. நிலாவெளிக் கரையில் ஒரு வாடியில் இருந்து கரைவலை இழுப்பவர் அப்படி ஒரு முடிவை எடுக்க முடியாது, அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை.

காசு யார் கைக்குப் போகிறது என்பது அடுத்த கேள்வி. கொழும்பையும் கண்டியையும் தவிர்ப்பதில் புலம்பெயர்ந்த தமிழர் சிலருக்கு அரசியல் காரணமும் உண்டு. தம் பணம் தம் மக்களுக்கே போகட்டும் என்கிறார்கள். அந்த உணர்வின் அடியில் உள்ள வலி உண்மையானது. ஆனால் திருமலையில் பெயர் பெற்ற கடற்கரைகளில் ஒன்றான மார்பிள் பீச்சில் விடுதி நடத்துவது இலங்கை விமானப்படை. வரைபடத்தில் கிழக்கைத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் பணம் கிழக்கின் மக்களிடம் போய்விடாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடகிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு சொன்னது. மீனவரை விலகச் சொல்லிவிட்டு விடுதிகளுக்கு இடம் விடுகிறார்கள் என்ற குறை அன்றே எழுந்தது. எந்த விடுதி, யாருடைய காணி, முன்பு அங்கே வள்ளம் இழுத்தவர் இப்போது எங்கே இழுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தங்க வருபவரின் கடமை. கேட்டால் ஊர்க்காரர் சொல்வார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் ஊர், மூன்று விதமான பதில்களும் கிடைக்கலாம். மூன்றையும் கேட்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கண்டியில் முச்சக்கரவண்டி ஓட்டுபவரும், சிகிரியாவில் வழிகாட்டியாக நிற்பவரும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்கும் பெருந்தொற்றுக்கும் 2022 பொருளாதாரச் சரிவுக்கும் பிறகு மூன்று முறை வெறுங்கையோடு நின்றவர்கள். வெனிஸில் சுமையாகும் கூட்டம் அங்கே சோறாகிறது. எனவே நெரிசல் ஊர் என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுத் தவிர்ப்பதும் பிழை.

அப்படியானால் தவிர்க்கலாமா? தாராளமாக. பார்க்க விருப்பமில்லாத ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எந்த அறமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வலிய ஊரை விட்டு மெலிந்த ஊருக்குப் போகிறவருக்குக் கடமை கூடுகிறது. கண்டிக்கு அடுத்த ஓர் இரவாகத் திருமலையைச் செருகி, காலையில் கோணேசர், மதியம் கன்னியா, மறுநாள் புறாத்தீவு என்று ஓடுவதைவிட, அங்கே போகாமலே இருப்பது நல்லது. போனால் நாலைந்து நாள் தங்க வேண்டும். கன்னியாவில் கிரியை நடந்தால் விலகி நிற்க வேண்டும். கடல் சூடேறி முருகைக் கல் வெளிறும் ஏப்ரல், மே மாதங்களில் வர நேர்ந்தால், புறாத்தீவைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பும் மனம் வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கிழக்கில் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் நிலாவெளிப் படகோட்டி ஆண்டு முழுவதற்கும் சம்பாதிக்கிறார். வடகீழ்ப் பருவக்காற்று வந்துவிட்டால் படகு கரையில். தீவுக்கு ஓய்வு கொடுப்பது அவர் வயிற்றில் அடிப்பதாக முடியக்கூடாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை தருகிறது. புறாத்தீவுக்கும் அப்படி ஓர் ஓய்வுக்காலம் வேண்டும், அந்த நாட்களின் கூலி படகோட்டிகளுக்குப் போய்ச்சேர வேண்டும். பூங்கா நுழைவுச்சீட்டின் விலையைக் கூட்டினால் அதற்குப் பணம் கிடைக்கும். மூன்று நாடுகளுக்கு விமானச்சீட்டு எடுக்க முடிந்தவர்கள் அந்தக் கூடுதல் விலையை முணுமுணுக்காமல் கொடுக்கலாம்.