மிஹாய் வோடாவை எந்தக் கணக்கில் எழுதுவது?

புக்கரெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் முதலில் நாடாளுமன்ற மாளிகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எடுக்க வேண்டியதுதான். 84 மீட்டர் உயரம், 270 மீட்டர் நீளம். அதிகாரத்தில் இருந்த ஒருவரின் பயத்தையும் ஆசையையும் பளிங்கில் பார்ப்பதற்கு ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய இடம் அநேகமாக இல்லை. ஆனால் அங்கிருந்து கொஞ்ச தூரம் ஆற்றுப் பக்கமாக நடந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பின்புறம் போனால், ஸாபியென்ட்சேய் என்ற சிறு தெருவில் ஒரு செங்கல் தேவாலயம் நிற்கிறது. பெயர் மிஹாய் வோடா. அது கட்டப்பட்ட இடம் அதுவல்ல. ஏறக்குறைய 290 மீட்டர் நகர்ந்து வந்து அங்கே நிற்கிறது.

நான் பொதுப்பணித் துறையில் கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். இந்த இரண்டு புத்தியும் சேர்ந்துதான் அந்தக் கோயிலைப் பார்த்தன. இரண்டும் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

முதலில் கட்டட சமாச்சாரம். 1977 மார்ச் 4 அன்று வந்த நிலநடுக்கத்தில் ருமேனியாவில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் புக்கரெஸ்ட்டில். அதைச் சாக்காக வைத்து, பழைய நகரத்தின் ஒரு பெரும்பகுதியை இடித்துவிட்டுப் புதிய ‘குடிமை மையம்’ எழுப்ப, அந்த மாளிகையைக் கட்டவைத்த கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் சௌசெஸ்கு முடிவு செய்தார். யுரானுஸ் என்ற குன்றுப் பகுதி தெருத் தெருவாகப் போனது. தலைநகரில் இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் இடிபட்டன. 18ஆம் நூற்றாண்டில் கட்டிய வெக்கெரெஷ்ட் மடம் முழுசாகவே போய்விட்டது.

யூஜெனியு யோர்தெக்கெஸ்கு என்ற கட்டமைப்புப் பொறியாளர், இடிக்காமல் நகர்த்தலாம் என்றார். விடுதிப் பரிசாரகன் கண்ணாடிக் குவளைகளைத் தட்டில் வைத்து ஏந்திப் போனதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தட்டு அசைந்தாலும் குவளை விழுவதில்லையே. அதேபோல் சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, கம்பி கட்டி கான்கிரீட் பீம்களை வார்த்து, கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரு தட்டு செய்தார்கள். பிறகு சுவரைக் கடைக்காலிலிருந்து அறுத்துப் பிரித்து, தண்டவாளம் போட்டு, ஹைட்ராலிக் ஜாக்கியால் தள்ளினார்கள். 1982இல் ஸ்கீட்டுல் மாய்ச்சிலோர் என்ற சிறு கன்னியர் மடத்துத் தேவாலயம், சுமார் 745 டன், 245 மீட்டர் போனது. 1985இல் மிஹாய் வோடா, சுமார் 3,100 டன். இது சமதளத்தில்கூடப் போகவில்லை, குன்றிலிருந்து கீழே இறங்கியது. நானூறு வருடத்துப் பழைய செங்கல், பழைய சுண்ணாம்புச் சாந்து. சரிவில் ஒரு மூலை மற்ற மூலைக்கு முன்னால் ஒரு விரல்கடை தாழ்ந்தாலும் விரிசல் விட்டுவிடும். எங்கள் துறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றுவதற்கே எத்தனை கோப்பு நகர வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு டஜன் தேவாலயங்களை நகர்த்தியவர் 2019இல் இறந்தார்.

கூடவே ஒரு விஷயத்தையும் கவனித்தேன். நகர்ந்தது கடைக்காலுக்கு மேலே இருந்தது மட்டும்தான். ஆயர் வந்து ஜெபித்து ஆசீர்வதித்த அடிக்கல் எங்கே இருந்ததோ, அந்தப் பாகம் மண்ணோடு தங்கிவிட்டது. மிஹாய் வோடாவைச் சுற்றி இருந்த மடத்துக் கட்டடங்களும் இடிபட்டன. கோயிலும் மணிக்கூண்டும்தான் பிரயாணப்பட்டன.

இங்கேதான் வேதக் கேள்வி வருகிறது. நகர்ந்த பிறகு இது அதே கோயில்தானா?

ஆர்த்தடாக்ஸ் சபையின் முறைமை இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லாது. ஒரு தேவாலயத்தைப் பிரதிஷ்டை செய்யும்போது ஆயர் பலிபீடத்தைக் கழுவி, பரிமளத் தைலம் பூசி, அதில் இரத்தசாட்சிகளின் திருப்பண்டத்தை வைத்து முத்திரையிடுகிறார். அந்த இடத்துக்கு அதனால் ஒரு கனம் வந்துவிடுகிறது. கோயில் இடிந்துபோனாலும் பலிபீடம் இருந்த நிலத்தை மிதிக்கக் கூடாது என்று அங்கே ஒரு சிலுவை நடுவது அவர்கள் வழக்கம். அதே சபையில் ‘ஆந்திமிஸ்’ என்ற துணியும் இருக்கிறது. திருப்பண்டம் தைத்து ஆயர் கையொப்பமிட்ட அந்தத் துணி இல்லாமல் பலிபீடத்தில்கூட நற்கருணை ஆராதனை நடத்த முடியாது. அதை விரித்தால் வயல்வெளியிலும் நடத்தலாம். ஆக, பரிசுத்தம் நிலத்தோடு கட்டுண்டதும்தான், மடித்து எடுத்துப் போகக்கூடியதும்தான். எங்கள் ஊர்ப் பிரசங்கியார் யாராவது கேட்டால் ஆசரிப்புக் கூடாரத்தைக் காட்டிக் கேள்வியை முடித்துவிடுவார்: வனாந்தரத்தில் கர்த்தர் ஜனங்களோடு கூடவே கூடாரத்தில் நடந்தாரே, 290 மீட்டர் அவருக்கு ஒரு தூரமா?

நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் ருமேனியத் திருச்சபையே வேறு மாதிரி கணக்கு எழுதியிருக்கிறது. மாளிகைக்குப் பின்னால் ஆர்சனல் குன்றில் ஒரு மாபெரும் தேசியப் பேராலயம் எழும்பியிருக்கிறது. 120 மீட்டருக்கு மேல் உயரம், 2018 நவம்பர் 25 அன்று பிரதிஷ்டை. அந்த நிலம் கிடைத்தது, அந்தப் பகுதியில் இழந்த ஐந்து தேவாலயங்களுக்கான தார்மீக ஈடு என்று திருச்சபை சொல்கிறது. அந்த ஐந்தில் ஆல்பா போஸ்தவாரி, ஸ்பிரியா வெக்கே, இஸ்வோருல் தெமெதுயிரி மூன்றும் இடிபட்டவை. மற்ற இரண்டு? ஸ்கீட்டுல் மாய்ச்சிலோரும் மிஹாய் வோடாவும்!

பொறியாளன் ‘காப்பாற்றியது’ என்று எழுதியதை, உடையவர்கள் ‘இழந்தது’ என்ற பத்தியில் எழுதுகிறார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டடம் முழுசாக நிற்கிறது, மணி அடிக்கிறது, ஆராதனை நடக்கிறது. இதில் எதற்கு ஈடு?

குன்றின் மேலிருந்த இடத்துக்கு என்றால், கூடாரத்துப் பதில் போதும். கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்தார்களே, அதற்கு என்றால், அது நியாயமான புகார். 1600இல் மூன்று ருமேனிய நாடுகளையும் ஒரே கையில் கொண்டுவந்த மிஹாய் வித்தியாஸுல் கட்டியது இது. அந்த வீரரைப் பற்றிக் கம்யூனிஸ்ட் ஆட்சியில் பிரமாண்டமான சினிமாவே எடுத்தார்கள். அவர் பெயர் வேண்டும், அவர் ஜெபித்த இடம் மட்டும் பெருஞ்சாலையிலிருந்து பார்வையில் படக் கூடாது. மறைந்திருப்பதும் ஒரு மகிமை, ஆதித் திருச்சபை சுரங்கக் கல்லறைகளில் கூடவில்லையா என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஒளிந்துகொள்வது வேறு, பிறர் நம்மை மூலையில் தள்ளி முன்னால் சுவர் எழுப்புவது வேறு.

வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் அம்மாவிடம் என் மகள் ருமேனிய மொழியில் பேச்சுக் கொடுத்தாள். அங்கே மெழுகுவர்த்தியைக் கோயிலுக்கு வெளியே தகரப் பெட்டிகளில் ஏற்றுவார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு பெட்டி, இறந்தவர்களுக்கு ஒன்று. அந்த அம்மா யுரானுஸில் பிறந்தவர். தெரு இடிபட்டபோது குடும்பத்துக்கு நகரத்தின் தெற்கே பெர்ச்சேனியில் ஒரு ஃபிளாட் கொடுத்தார்களாம். கோயிலை நகர்த்தியது பெரிய சாதனை இல்லையா என்று கேட்கச் சொன்னேன். மகள் மொழிபெயர்த்துச் சொன்ன பதில்: “கோயில் முந்நூறு மீட்டர் போனது. நாங்கள் பேருந்து பிடித்து வருகிற தூரம் போனோம். எங்களுக்குத் தண்டவாளம் யாரும் போடவில்லை.”

எந்தப் பத்தியில் எழுதுவது என்பதற்குப் பதில் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தத் திட்டத்துக்காக வீட்டை விட்டுப் போனவர்கள் சுமார் நாற்பதாயிரம் பேர் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நடந்து வந்தவர்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், பிரேதத்தைத் தூக்கி வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, பலிபீடமும் திருப்பண்டமும் ஆந்திமிஸும் பத்திரமாக ஒரு காலிமனைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆசரிப்புக் கூடாரம் நகர்ந்தபோது ஜனமும் கூடவே நகர்ந்தது என்பதை என் மனதிலிருந்த பிரசங்கியார் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆகவே இழப்புப் பத்தியில் எழுதியது சரி. எழுதிய பொருள்தான் சரியில்லை. கோயிலுக்குப் பதில் அதைவிடப் பெரிய கோயில் என்று ஈடு கேட்டுப் பெற்றார்கள். பேராலயத்தின் தங்கநிறச் சிலுவையை அண்ணாந்து பார்த்தபோது கட்டட வேலை தெரிந்தவன் என்ற முறையில் மெச்சினேன். சபைக்காரன் என்ற முறையில், பெர்ச்சேனிக்கு இதில் என்ன பங்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

யோர்தெக்கெஸ்குவைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கையில் ஜாக்கி இருந்தது, குடியிருப்பவர்களை வெளியேற்றும் ஆணை இல்லை. கோயில் நின்றதால்தான் திரும்பி வர ஒரு வாசலாவது மிஞ்சியது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மிஹாய் வோடா புனித நிக்கோலாஸுக்கு நேர்ந்த கோயில், திருநாள் டிசம்பர் 6. எங்கள் ஊரில் பிரதிஷ்டை பண்டிகைக்கு அசனம் போடுவதுபோல் அங்கேயும் சாப்பாடு உண்டு, கோதுமையும் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்துச் செய்யும் கொலிவாவும் உண்டு என்றார் அந்த அம்மா. பழைய தெருக்காரர்கள் அன்றைக்கு முதல் பேருந்திலேயே வந்துவிடுவார்களாம். பிந்திப் போனால் உள்ளே நிற்க இடம் கிடைக்காது.