ஓய்ந்த தோட்டமும் ஸாத்விக த்யாகமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். விதைத்ததை எப்போது பிடுங்க வேண்டும் என்பதோ, அநுபவம் முதிர்ந்த தோட்டக்காரரையும் தடுமாறச் செய்வது. ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமையில், வடகிழக்குப் பருவமழையை நம்பி வளரும் காய்கறித் தோட்டங்களில், மாசி மாதம் பிறந்ததும் இத்தடுமாற்றம் தோன்றுகிறது. ஆடியில் ஊன்றிய அவரை, மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாய்க் காய்த்து, பெருமாள் தளிகைக்கும் இல்லத்தார் உணவுக்கும் பயன்பட்டு, இப்போது இலை உதிர்ந்து நிற்கும். கத்தரியின் தண்டு தடித்துக் காய் சிறுக்கும். வெண்டையின் இலைகளில் மஞ்சள் நரம்பு படரும். ஆயினும் எங்கோ ஒரு நுனியில் ஒரு பூ தென்படும். "இன்னும் இரண்டு காய் வருமே" என்று பிடுங்கச் சென்ற கை பின்வாங்கும். அந்த இரண்டு காய்தான் மமகாரம். ஸம்ஸாரத் தோட்டத்தில் ஜீவனைக் கட்டி வைப்பதும் அதுவே.

துறவு என்பது எது என்று ஐயுற்ற அர்ஜுனனுக்குக் கண்ணன் எம்பெருமான் ஸ்ரீகீதையின் 18-ஆம் அத்யாயத்தில் த்யாகத்தை மூவகையாகப் பிரித்துக் காட்டினான். அறியாமையால் கடமையைக் கைவிடுவது தாமஸம். உடல் வருந்துமே என்று அஞ்சிக் கைவிடுவது ராஜஸம். செய்ய வேண்டியதைச் செய்து, பற்றையும் பலனையும் விடுவதே ஸாத்விகம்.

ஓய்ந்த தோட்டத்தில் இம்மூன்றையும் கண்கூடாகக் காணலாம். "காய்த்து முடிந்தது, இனி இதனால் என்ன?" என்று படலை மூடிச் செல்பவர் ஒருவர். மாசி வெயிலில் குனிந்து நிமிர இயலாது என்று திண்ணையில் அமர்பவர் மற்றொருவர். இருவரும் தோட்டத்தை விட்டவர்களே; த்யாகிகள் அல்லர். அவர்கள் விட்டுச் சென்ற வெண்டையில் வெள்ளை ஈ தங்கித் தேமல் நோயை அடுத்த பயிருக்குக் கொண்டு செல்லும். கத்தரித் தண்டில் புழு பெருகும். அண்டைத் தோட்டமும் துன்புறும். மூன்றாமவரோ பந்தலைப் பிரித்து, நோயுற்றதை எரித்து, நல்ல தழையை எருக்குழியில் இட்டு, மண்ணைக் கொத்திக் கோடை வெயிலுக்குக் காட்டுகிறார். தமக்கென ஒரு காயும் இனி இல்லை என்று அறிந்தே உழைக்கிறார். விடுவது வேறு, கைவிடுவது வேறு என்பதை அவர் கைகள் உணர்த்துகின்றன.

அனைத்தையும் வேரோடு களைவதுதான் த்யாகமோ எனில், அன்று. கத்தரியைப் பிடுங்கினால் சில வேளை வேர் முழுதும் முடிச்சு முடிச்சாய் வீங்கியிருக்கும். அது நூற்புழுவின் வேலை. வேரே வீங்கியதாகையால், உரித்தாலும் பிரியாது. அதை மண்ணில் விடலாகாது. அவரையின் வேரிலும் சிறு முடிச்சுகள் உண்டு. அவை நகத்தால் தீண்டினால் உதிரும். காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்கு ஈட்டித் தருபவை அவை. ஆதலால் நோயற்ற அவரையைத் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடுவது நலம். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இரண்டும் முடிச்சே. விவேகிக்கு ஒன்று நோய், மற்றொன்று செல்வம்.

பற்றிலும் இவ்விரு வகை உண்டு. பூவிருந்தவல்லிக்கு அருகே அவதரித்த முதலியாண்டான், எம்பெருமானாருக்கு மருமகன் முறையானவர். எம்பெருமானார் துறவறம் பூண்டபோது, முதலியாண்டானை ஒழிய மற்றனைத்தையும் துறந்ததாக அருளினார் என்பது பெரியோர் வழங்கும் செய்தி. உடல் உறவு என்பதற்காக அன்று, பாகவத உறவு என்பதற்காகவே அதை அவர் விடவில்லை. உலகப் பற்று வேரை வீங்க வைக்கும். அடியார் பற்றோ நிலத்தை வளமாக்கும்.

விடுவதற்கு மூன்று உண்டு என்று கீதா பாஷ்யத்தில் எம்பெருமானார் விளக்கியருளினார்: பலனில் பற்று, "என் கர்மம்" என்னும் எண்ணம், "நானே செய்தேன்" என்னும் எண்ணம். காயைப் பெருமாளுக்கும் அடியார்க்கும் அளித்தவர் முதலாவதை விட்டார். "என் தோட்டம்" என்னாமல் வேலை செய்பவர் இரண்டாவதை விட்டார். மூன்றாவதே அரியது. அதற்கு விளக்கம் கடல்மல்லையில் இருக்கிறது.

திருப்பாற்கடல் நாதனுக்குத் தாமரை மலர்களைச் சாத்த விரும்பிய புண்டரீக மஹர்ஷி, வழியில் குறுக்கிட்ட கடலைத் தம் கைகளாலேயே இறைக்கத் தொடங்கினார் என்பது தலவரலாறு. பகவான் முதியவராய் வந்து உணவு வேண்டினான். ரிஷி உணவு கொண்டு திரும்புவதற்குள், அம்மலர்களைச் சூடித் தரையிலேயே சயனித்தருளினான். ஸ்தலசயனப் பெருமாள் என்னும் திருநாமம் அதனால் வந்தது. கடல் வற்றவில்லை, பெருமான் வந்தான். இறைத்த கைகளால் அவன் வரவில்லை. தன் கருணையால் வந்தான். எனினும் அக்கைகள் ஓயாதிருந்தன என்பதை மறக்கலாகாது. கைங்கர்யம் நம்முடையது, பலன் அவனுடையது என்பதே இதன் உட்பொருள். குருக்கத்தி மலரில் பூதத்தாழ்வார் அவதரித்ததும் இத்தலத்திலேயே.

தோட்டத்தை ஒழிப்பவர் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. காய்ப்பு நன்றாயிருந்தபோதே, நோயற்ற கொடியில் சிறந்த காய்களை நெற்றுக்கு விட்டிருப்பார். எஞ்சியதை விதையாக்கினால் எஞ்சிய விளைவே கிட்டும். பகவத் சிந்தனையும் அத்தகையதே. உடலும் புலன்களும் நன்றாயிருக்கும்போதே அதற்கென நற்பொழுதை ஒதுக்க வேண்டும். காய்ந்த பின் தேடினால் விதை கிடைப்பது அரிது.

மாசி மகத்தன்று கடல்மல்லைக் கரையில் பெருமாள் தீர்த்தவாரி கண்டருள்கிறார். அந்நாளில் சேவிக்கச் செல்லும் அன்பர்கள், கொல்லையில் ஓய்ந்து நிற்கும் அவரைப் பந்தலையும் ஒருமுறை நோக்கட்டும். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கவும், விட வேண்டிய வேரை விடவும், காக்க வேண்டிய விதையைக் காக்கவும் நிலமங்கை நாச்சியார் உடனுறை ஸ்தலசயனப் பெருமாள் அருள் புரிவானாக.

சுபம்.