படத்திற்குப் பொறுப்பாளர் யார்?

லாபுத் தோட்டத்து முதியோர் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். கிராணியார் தாளில் எதையோ எழுதுவார். பால்மரம் வெட்டுபவர் அதன் அடியில் பெருவிரல் ரேகை வைப்பார். எழுதியவர் ஒருவர், கட்டுப்பட்டவர் வேறொருவர். இது நியாயமா என்னும் கேள்வியைத் தோட்டத்தோடு நிறுத்துவது சரியன்று. நாம் கொண்டாடும் பத்திரிகை உலகத்தையும் அதே தராசில் வைத்துப் பார்ப்போம்.

தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்திற்கு வழிகாட்டியது, 1906-இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகை. எழுத்துக்கும் சித்திரக் கருத்துக்கும் உயிராயிருந்தவர் சுப்பிரமணிய பாரதியார். ஆயினும் சட்டப்படி பதிவாகியிருந்த பெயரோ சீனிவாசன் என்பவருடையது. 1908-இல் இராஜத்துரோக வழக்கு வந்தது. சீனிவாசனுக்கு 5 ஆண்டுச் சிறை. பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார். அவர் பிடிபட்டிருந்தால் தமிழுக்கு நேர்ந்திருக்கும் நஷ்டத்தை நாம் அறியாதவரல்லோம். எனினும் பெரியோரைப் போற்றுவது வேறு, நியாயத்தை நிறுத்துப் பார்ப்பது வேறு. சீனிவாசன் விரும்பியே பெயர் தந்திருந்தாலும் கடன் தீர்ந்துவிடாது. அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்?

1987-இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில், சட்டமன்ற உறுப்பினரையும் மந்திரிகளையும் கேலி செய்யும் சித்திரம் ஒன்று வந்தது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாட்டுச் சட்டசபை 3 மாதக் கடுங்காவல் விதித்தது. சில நாட்களில் விடுதலையானார் எனினும், தம் பத்திரிகையின் சுமையைத் தாமே சுமந்தார்.

நம் மலேசியாவில் வரைபவரும் வெளியிடுபவரும் தாமேயாய் நின்றவர் ஸூனார். 2010-இல் அவர் நூல்கள் தடை செய்யப்பட்டன; 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. 2015-இல் அவர்மீது 9 தேசநிந்தனைக் குற்றச்சாட்டுகள் சாட்டப்பட்டு, 2018-இல் கைவிடப்பட்டன. தம் பெயரையே இட்ட அவராலும் சுமை முழுவதையும் தாமே தாங்க இயலவில்லை. அச்சகங்களும் புத்தகக் கடைகளும் சோதனைக்குள்ளாயின.

ஆகவே நாம் கூறுவது இதுவே. வரைபவர் தம் பெயரை இடுக. வெளியிடுபவர் அதனைத் தாங்குக. எளியவர் தலையில் சுமையேற்றிப் பெறும் புகழ் முழுப் புகழன்று. மறைவில் சிரித்துவிட்டு, வழக்கு வந்ததும் ஒதுங்கும் வாசகரும் இக்குற்றத்தில் பங்காளியே. வெளிப்படையாகக் காசு கொடுத்து வாங்குவதும், துன்புற்றோர் பெயரை மறவாதிருப்பதும் நம் கடமை. ரேகை வைத்த நிலை நீங்கிக் கையொப்பமிடக் கற்ற சமூகம், பிறர் கையொப்பத்தின் பின்னே ஒளிதல் தகாது.