பொய்யிரையும் மெய்யான மனச்சாட்சியும்



அயர்லாந்தில் வேலை பார்க்கும் நம் பங்கு வாலிபர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இலையுதிர் காலத்து மாலை வேளைகளில், உடன் வேலை செய்யும் நண்பர் அவரைக் கடலோரப் பாறைகளுக்கு அழைத்துச் செல்கிறாராம். அங்கே மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்த பொய்யிரையை வீசி, ‘பாஸ்’ என்னும் மீனைப் பிடிக்கிறார்களாம். “சுவாமி, இதில் உண்டாகும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் பசிக்காக அன்றி விளையாட்டுக்காக ஒரு பிராணியை ஏமாற்றிப் பிடிப்பது சரிதானா?” என்பதே அவருடைய கேள்வி.

பிழைப்புக்காகக் கடலுக்குப் போகிறவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. விளையாட்டு என்று வந்தபோதுதான் மனச்சாட்சி வாய் திறக்கிறது. ஆகையால் கேள்வி நல்லதே. பதில் சொல்லுமுன் விஷயத்தை அறிந்துகொள்வோம்.

பாஸ் வெள்ளி நிறமுள்ள மீன். நம் கொடுவாயையும் ஆங்கிலத்தில் இப்பெயரால் அழைப்பதுண்டு. ஆயினும் இனம் வேறு. செப்டம்பர் பிறந்ததும் அந்நாட்டில் தரை குளிரத் தொடங்குகிறது. கடலோ கோடையின் வெப்பத்தைச் சட்டென்று விடுவதில்லை. குஞ்சு மீன்கள் கூட்டங்கூட்டமாய்க் கரையோரம் திரிகின்றன. பாஸ் மீன்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு, அலை மோதி நுரைக்கும் பாறை இடுக்குவரை வந்துவிடுகின்றன. விடியலிலும் அந்தியிலும் அவை மும்முரமாய் இரை தேடும். வீசுகிறவன் காற்றைப் பார்க்க வேண்டும், நீரோட்டத்தை அறிய வேண்டும், உயிரில்லாத துண்டைத் தன் மணிக்கட்டினால் உயிருள்ளதுபோல் நீந்தச் செய்ய வேண்டும். நூறு முறை வீசியும் ஒன்றும் அகப்படாமற் போகலாம். நூற்றோராவது முறை கோல் வளைந்து நரம்பு விறைக்கும். கைக்கு வந்த மீனைவிட, வரக்கூடும் என்ற நம்பிக்கையே அவனை அந்தக் குளிரில் நிறுத்தி வைக்கிறது. உலகக் கவலையை மறந்து சிருஷ்டியை உற்று நோக்கும் அந்த நேரம் குற்றமற்ற இளைப்பாறுதலே.

ஆனால், பொய்யிரை ஒரு பொய் அல்லவா? இங்கே வேறுபடுத்திப் பார்ப்பது அவசியம். பொய் என்பது, உண்மையை அறிய உரிமையுள்ள மற்றொரு மனிதனுக்கு இழைக்கும் அநீதி. மீனுக்கும் மனிதனுக்கும் இடையே சொல்லும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. ஆகவே பொய்யிரை தன்னிலே பாவமன்று. பிராணியை அவசியமின்றி வதைப்பதோ மனித மாண்புக்கே இழுக்கு என்று திருச்சபை கற்பிக்கிறது. ஆகையால் உண்ணப் போகும் மீனைத் தாமதமின்றிக் கொன்றுவிட வேண்டும். விடப் போகும் மீனை, கையை நனைத்துக்கொண்டே தொட்டு, முள்ளை மெல்லக் கழற்றி, விரைவில் நீரில் விட வேண்டும். ‘விட்டுவிட்டேன், இனி எனக்குக் கணக்கில்லை’ என்று சொல்வதற்கில்லை. விட்ட மீன்களிலும் சில பிழைப்பதில்லை. பொழுதுபோக்குக்காக எத்தனை மீனையும் பிடித்துப் பிடித்து விடலாம் என்பது சரியன்று.

இனி முக்கியமான விஷயம். இலையுதிர் காலத்தில் அம்மீன் ஏன் இவ்வளவு ஆவலாய்த் தின்கிறது? குளிர்காலத்தில் ஆழ்கடலுக்குச் சென்று, அதன்பின் முட்டையிட வேண்டியிருப்பதால், உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. மேலும் அது மெதுவாய் வளரும் மீன். பெண் மீன் ஏறக்குறைய 42 செ.மீ. நீளம் அடைந்த பிறகே முட்டையிடத் தகுதி பெறும். அதற்குச் சாதாரணமாக 5 அல்லது 6 ஆண்டுகள் ஆகும். எனவே விளையாட்டுக்கு இன்பம் தரும் காரணம் எதுவோ, அதுவே நம் கையைக் கட்டுப்படுத்த வேண்டிய காரணமும் ஆகிறது. அது ஆவலோடு வருவது அடுத்த தலைமுறைக்காக. அந்த ஆவலையே நாம் பயன்படுத்திக்கொள்கிறோம்.

இதை மறந்ததின் பலனை அக்கடல்கள் கண்டன. மீன்வளம் குன்றியதால் அயர்லாந்து 1990-ல் தன் படகுகள் இம்மீனை வியாபாரத்துக்காகப் பிடிப்பதைத் தடை செய்தது. 2010-க்குப் பின் வட ஐரோப்பியக் கடல்களில் அதன் தொகை மீண்டும் சரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல், பிடிக்கத்தக்க குறைந்த அளவை 36 செ.மீ.யிலிருந்து 42 செ.மீ.க்கு உயர்த்தியது. முட்டையிடும் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுப்பது நமக்கும் புதிதன்று. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்பதும், அந்நாட்களில் வீட்டில் உலை வைக்கப் படும் பாடும் நம் மீனவத் தாய்மார்கள் அறிந்ததே.

சட்டம் வேண்டியதுதான். ஆனால் இருட்டிவிட்ட பாறையின்மேல் சட்டம் வந்து நிற்பதில்லை. ஒருவன் தனியே நிற்கிறான். மாலை முழுதும் காத்துக் கிடைத்த ஒரே மீன். அளந்தால் 41 செ.மீ. ‘வாலைச் சற்று இழுத்தால் சரியாகிவிடும், யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. பொய்யிரைக்குள் முள் இருப்பதுபோல் அந்தக் குரலுக்குள்ளும் முள் உண்டு. மீனை ஏமாற்றியது பாவமல்ல என்றோம். இப்போது அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். அது பாவமே.

ஆகவே அந்த வாலிபருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: “தாராளமாய்ப் போ, தம்பி. சாப்பாட்டுக்கு ஒன்று கிடைத்தால் நன்றியோடு சாப்பிடு. பின்பு கோலை மடக்கி வை. வெறுங்கையோடு திரும்பினாலும் வருத்தப்படாதே. ‘போதும்’ என்று சொல்லத் தெரிந்தவனுக்கே அடுத்த ஆண்டும் அந்தச் சந்தோஷம் மிஞ்சும்.”

கடலுக்கு வெகு தூரத்தில் இருப்பவர்களும் இந்த வார வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்கையில், அந்த ஒரு சொல்லை எத்தனை முறை சொன்னோம் என்று தங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.